மெய்ப்பிக்க வேண்டியது யார்?

எங்கள் பண்டார் பாருவில் புக்கிட் மேரா என்றால் ஏரிதான். கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பாரிட் புந்தார், அங்கிருந்து பாகான் செராய், அதற்கும் கொஞ்சம் அப்பால் புக்கிட் மேரா. 1906-இல் கட்டி முடித்த அணை, ஓராங் ஊத்தான் தீவு, பள்ளி விடுமுறையில் போய்வரும் தண்ணீர்ப் பூங்கா. ஆனால் பேராக் மாநிலத்திலேயே இன்னொரு புக்கிட் மேரா இருக்கிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில், லாஹாட், மெங்லெம்பு வட்டாரத்தில் உள்ள சீனப் புதுக்கிராமம் அது. கதிரியக்கக் கழிவுக்கு எதிராக இந்த நாட்டில் நடந்த மிகப் பெரிய வழக்கு அந்த ஊர்க்காரர்கள் தொடுத்தது. 1990-களின் பிற்பகுதியில் பிறந்த நானும் என் நண்பர்களும் எந்தப் பாடப்புத்தகத்திலும் அதைப் படித்ததில்லை.

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். சில்லுகளின் பற்றுவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் எங்கள் தளத்தில் உண்டு. அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் கொடுப்பது அணுசக்தி உரிம வாரியம். இப்போது பெயர் மாறி அணுசக்தித் துறை. தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் எல்லோரும் கோப்புகளைச் சரிபார்ப்போம். உரிமம் என்பது எங்களுக்கு அவ்வளவுதான், ஒரு கோப்பு. அந்த வாரியம் எப்போது, எந்தச் சூழலில் பிறந்தது என்று தேடப் போய்த்தான் புக்கிட் மேராவில் வந்து நின்றேன். வாரியம் அமைந்தது 1985 பிப்ரவரியில். புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்தின் படியேறியதும் அதே மாதத்தில்.

அதன் பிறகு நடந்த ஒன்பது ஆண்டுக் கதையை ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடலாம். ஆபத்து இருக்கிறது என்று ஊர்க்காரன் மெய்ப்பிக்க வேண்டுமா, ஆபத்து இல்லை என்று ஆலைக்காரன் மெய்ப்பிக்க வேண்டுமா? பொறியியல் படிப்பில் இந்தக் கேள்வி வருவதேயில்லை. சட்டம் படித்தவர்களுக்கோ இதுதான் அரிச்சுவடி.

அமாங் மண்ணில் இருந்தது

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலை அமாங் என்பார்கள். நம்ம ஆட்கள் பலர் வேலை பார்த்த ஈயச் சுரங்கங்களில் அது மலைமலையாகக் கிடந்தது. அமாங்கில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன, கூடவே தோரியமும் இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இது ஒன்றும் அந்நியப் பொருள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் இதே மோனசைட்தான். அந்த வட்டாரத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909 வாக்கில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதை அடையாளம் கண்டார்.

1979-இல் ஏஷியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கும் பி.இ.எச். மினரல்ஸ் நிறுவனத்துக்கும் தலா 35 விழுக்காடு, தாபோங் ஹாஜிக்கு 20 விழுக்காடு பங்கு. 1982-இல் புக்கிட் மேராவில் உற்பத்தி ஆரம்பம். வண்ணத் தொலைக்காட்சிக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் தேவையான தனிமங்களை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். தோரியம் கலந்த கழிவு இங்கேயே தங்கியது. அதைக் கழிவு என்று சொல்வதிலேயே அன்று தகராறு இருந்தது. வருங்காலத்தில் அணு எரிபொருளாகப் பயன்படும், பத்திரமாக வைத்திருப்போம் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. தோரியம் பாதியாகக் குறையச் சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அதைப் பத்திரமாக வைத்திருக்க முதலில் தேர்ந்தெடுத்த இடம் பாப்பான் என்ற சிற்றூர்.

1984-இல் பாப்பான் மக்கள் சாலையை மறித்தார்கள். கழிவைப் புதைக்கத் தோண்டிய குழிகள் பாதுகாப்பானவையல்ல என்று அனைத்துலக அணுசக்தி முகமையிலிருந்து வந்த வல்லுநர்களே சொன்னார்கள். குழிகளைக் கைவிட்ட அரசாங்கம், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கிளேடாங் மலைத்தொடரில் வேறு இடம் பார்த்தது. இந்த அமளிக்கு நடுவில்தான் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் வந்தது. ஆலை முந்தியது, அதைக் கட்டுப்படுத்தும் வாரியம் பிந்தியது. வாரியம் கதவு திறந்தபோது ஆலை மூன்றாவது ஆண்டாகக் கழிவைக் குவித்துக்கொண்டிருந்தது.

மீனாட்சி ராமனின் வழக்கு

புக்கிட் மேராவின் எட்டுப் பேர் ஊர் மக்கள் எல்லோர் சார்பாகவும் வழக்குத் தொடுத்தார்கள். பக்கபலமாக நின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் மீனாட்சி ராமன். சங்கத்தின் சட்டப் பிரிவில் இருந்த இளம் பெண். ஊரின் குழந்தைகளைப் பரிசோதித்து உடல்நலத் தரவுகளைத் திரட்டியவர் மருத்துவர் டி. ஜெயபாலன். ஒரு சீனக் கிராமத்தின் வழக்கில் மூன்று தமிழர்கள் இப்படி நடு இடத்தில் நின்றார்கள் என்பதை நம் சமூகத்தின் வரலாற்றுக் குறிப்புகளில் நான் அதிகம் கண்டதில்லை. தோட்டத்தைப் பற்றியோ தமிழ்ப்பள்ளியைப் பற்றியோ இல்லாததால் அது 'நம்ம' வரலாறு இல்லை என்று விட்டுவிட்டோமோ என்னவோ.

1985 அக்டோபர் 14 அன்று நீதிபதி அனுவார் ஜைனல் அபிடின் இடைக்காலத் தடை விதித்தார். போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யும்வரை கதிரியக்கக் கழிவை உண்டாக்கவோ சேமிக்கவோ கூடாது. ஆலை நின்றது. 1987 பிப்ரவரியில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. எப்படி என்று கேட்டால், "எங்களிடம் வாரியத்தின் உரிமம் இருக்கிறது" என்பது நிறுவனத்தின் பதில்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஒரு பக்கம் நீதிமன்றத்தின் தடை. இன்னொரு பக்கம் ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம். கதிர்வீச்சை அளக்கத் தெரிந்தவர்கள் வாரியத்தில் இருந்தார்கள். ஆனால் ஊர்க்காரர்களை உட்காரவைத்து, சாட்சி விசாரித்து, எதிர்த்தரப்பைக் குறுக்குக் கேள்வி கேட்க அனுமதித்த இடம் நீதிமன்றம் மட்டுமே. அளக்கத் தெரிந்த இடத்தில் கேட்கும் காது இல்லை. காது இருந்த இடத்தில் அளவுகோல் இல்லை.

அந்த ஏப்ரலில் சுமார் 10,000 பேர் ஊர்வலம் போனார்கள். செப்டம்பரில் முழு விசாரணை ஆரம்பித்தது. அக்டோபர் 27-இல் ஓப்ராசி லாலாங். இசா சட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைது. அவர்களில் பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவின் தலைவர்களும் இருந்தார்கள், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மக்களின் வழக்கறிஞரான மீனாட்சி ராமனும் இருந்தார். 47 நாள் தடுப்புக்காவல். வெளியே வந்து மறுபடியும் அதே வழக்கைத் தொடர்ந்தார். இதை வீரகதையாக எழுத எனக்கு விருப்பமில்லை. 47 நாளுக்கு முன்பும் பின்பும் அவர் செய்தது ஒரே வேலைதான்: நிபுணர்களின் அறிக்கையை நீதிபதிக்குப் புரியும் மொழியில் சொல்வது.

அந்த நிபுணர்கள் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஜப்பானிய மரபியலாளர் சடாவோ இச்சிகாவா, கனடாவின் ரோசலி பெர்டெல், அமெரிக்க நோய்ப்பரவல் ஆய்வாளர் எட்வர்ட் ராட்ஃபோர்ட். ஆலைத் தரப்பிலும் வெளிநாட்டு நிபுணர்கள். வாதம் எண்களில் சுழன்றது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு எத்தனை மில்லிசீவர்ட் வரை 'பரவாயில்லை'? நான் படித்த பாடத்தில் 1 மில்லிசீவர்ட் என்று இருந்தது. மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் எழுதினேன். ஆனால் அந்த எண்ணும் நிலையாக இருந்ததில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஆணையம் 1970-களில் 5 என்று சொல்லி, 1985-இல்தான் முதன்மை வரம்பை 1 ஆக்கியது. ஆக, புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் போன அதே ஆண்டில் 'பாதுகாப்பு' என்ற சொல்லின் எண்மதிப்பே ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. எண்ணை இயற்கை எழுதி வைக்கவில்லை. கிடைத்த ஆதாரங்களை வைத்து, இவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மனிதர்கள் எடுத்த முடிவு அது. அந்த மேசையில் யார் உட்காருகிறார்கள் என்பதால்தான் அது முக்கியமாகிறது.

விசாரணை 1990 பிப்ரவரிவரை இழுத்தது. 1992 ஜூலை 11 அன்று நீதிபதி பே சுவீ சின் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார். ஆலையை 14 நாளில் மூட வேண்டும். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. மூடினால் நிறுவனத்துக்கும் அதன் 183 தொழிலாளர்களுக்கும் கஷ்டம் என்பது காரணம். தொழிற்சாலைச் சம்பளத்தில் வாழும் நான் அந்த 183 பேரைச் சும்மா ஒரு சாக்கு என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் தராசின் ஒரு தட்டில் தொழிலாளர்களை எண்ணி வைத்தவர்கள், மறு தட்டில் ஊர்க்காரர்களையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

1993 டிசம்பர் 23-இல் இறுதித் தீர்ப்பு. மக்கள் தோற்றார்கள். தீர்ப்பின் இரண்டு காரணங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஆலையின் நிபுணர்கள் ஆலைக்குள்ளேயே பரிசோதனை செய்தவர்கள், அதனால் அவர்கள் சாட்சியம் நம்பகமானது. இரண்டு, உரிமத்தை ரத்துசெய்யும் அதிகாரம் அணுசக்தி வாரியத்துக்கு உண்டு, எனவே மக்கள் அங்கே போயிருக்க வேண்டும்.

முதல் காரணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆலைக்குள் போய் அளக்கும் வாய்ப்பு ஆலைக்காரனுக்குத்தான் எப்போதும் இருக்கும். வெளியே நிற்பவன் வெளியே நின்றுதான் அளக்க முடியும். இரண்டாவது காரணத்தில் இன்னும் பெரிய சிக்கல். எந்த வாரியத்தின் உரிமத்தைக் காட்டி ஆலை மறுபடி ஓடியதோ, அதே வாரியத்திடம் போய் முறையிடச் சொல்கிறது தீர்ப்பு.

தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது. 11,000 பேர் வாழ்ந்த பகுதியில் ஐந்து ஆண்டுக்குள் எட்டு இரத்தப் புற்றுநோய்கள் வந்ததையும், அவர்களில் ஏழு பேர் இறந்துவிட்டதையும் நியூயார்க் டைம்ஸ் 2011-இல் எழுதியது. அவற்றுக்கு ஆலைதான் காரணம் என்று எந்த நீதிமன்றமும் இறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் சுத்தப்படுத்தும் வேலைக்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவு என்று அதே செய்தி சொன்னது. 11,000 லாரி மண், 80,000-க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்கள், ஒரு குன்றின் தலையை வெட்டி உள்ளே புதைத்து மேலே களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடும் வேலை. நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முடியாத ஆபத்துக்கு இவ்வளவு பெரிய சமாதி கட்டியிருக்கிறார்கள்.

அந்த நாற்காலியில் ஒரு வழக்கறிஞர்

வாரியத்திடம் போங்கள் என்று நீதிமன்றம் சொன்னது இருக்கட்டும். வாரியத்தின் நாற்காலியிலேயே ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நம் நாட்டில் இதற்கு விடை தேட முடியாது. அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். பெயர் பீட்டர் பிராட்ஃபோர்ட்.

யேல் பல்கலைக்கழகத்தில் 1968-இல் சட்டம் முடித்தவர். மேய்ன் மாநிலத்தில் ஆளுநரின் அலுவலகத்தில் எண்ணெய், மின்சாரம், சுற்றுச்சூழல் விவகாரங்களைப் பார்த்தார். 1971 முதல் அந்த மாநிலத்தின் மின்கட்டணம் போன்றவற்றை முடிவுசெய்யும் ஆணையத்தில் இருந்தார். 1977-இல் அதிபர் கார்ட்டர் அவரை அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஐந்து ஆணையர்களில் ஒருவராக நியமித்தார். அதுவும் அப்போது புது அமைப்புதான். அதற்கு முன்னால் அணுசக்தியை வளர்ப்பதும் கண்காணிப்பதும் ஒரே ஆணையத்தின் கையில் இருந்தன. வளர்ப்பவனே கண்காணித்தால் சரிவராது என்று 1974-இல் சட்டம் போட்டுப் பிரித்தார்கள்.

1979 மார்ச் 28-இல் பென்சில்வேனியாவின் மூன்று மைல் தீவு உலை பாதி உருகியது. ஆணையர்கள் நாள்கணக்கில் கூடிப் பேசினார்கள். அரசு அமைப்புகளின் கூட்டங்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் அங்கே இருந்ததால் அந்தப் பேச்செல்லாம் ஒலிநாடாவில் பதிவாகி, சில வாரங்களிலேயே வெளியானது. படித்த மக்கள் அதிர்ந்தார்கள். உலைக்குள் என்ன நடக்கிறது என்று ஆணையர்களுக்கே தெரியவில்லை. இருட்டில் தடவிக்கொண்டுதான் முடிவெடுக்கிறோம் என்று ஆணையத் தலைவரே புலம்பியிருந்தார். கர்ப்பிணிகளும் பள்ளி வயதுக்கு வராத குழந்தைகளும் 5 மைல் சுற்றளவைவிட்டு வெளியேறும்படி மாநில ஆளுநர் அறிவுறுத்தியது மூன்றாம் நாள்தான்.

விபத்துக்குப் பிறகு வந்த ஒரு விவகாரம் என்னை இன்னும் அதிகமாக யோசிக்கவைத்தது. விபத்து நடந்த உலைக்குப் பக்கத்திலேயே சேதமில்லாத இன்னொரு உலை இருந்தது. அதை மறுபடி இயக்கலாமா? வேண்டாம் என்றது ஊர்க்காரர்களின் சங்கம். எங்களுக்கு ஏற்பட்ட பயத்தையும் மன அழுத்தத்தையும் கணக்கில் எடுங்கள் என்று கேட்டார்கள். 1980-இல் ஆணையர்கள் இரண்டுக்கு இரண்டு எனப் பிரிந்து நின்றார்கள். கணக்கில் எடுக்கலாம் என்ற பக்கத்தில் இருந்தவர் பிராட்ஃபோர்ட். பெரும்பான்மை கிடைக்காததால் கோரிக்கை விழுந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. சட்டம் அப்படிக் கோரவில்லை என்று 1983-இல் தீர்ப்பாயிற்று. அதற்குள் பிராட்ஃபோர்டின் ஆணையர் பதவி முடிந்துவிட்டது.

பொறியாளனாக எனக்கு முதலில் இது அசட்டுத்தனமாகத்தான் பட்டது. பயத்தை எந்தக் கருவியால் அளப்பது? ஆனால் யோசித்தால், பயம் சரியா தவறா என்று பிராட்ஃபோர்ட் முடிவு சொல்லவில்லை. அந்தக் கேள்வியை விசாரணைக்குள் எடுக்கலாம் என்றார். ஒரு வழக்கறிஞருக்குத் தீர்ப்பும் விசாரணையும் வேறுவேறு. நம்ம பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. "லைசென்ஸ் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டால் விசாரணை ஆரம்பிக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது.

பிராட்ஃபோர்ட் பிறகு மேய்ன் ஆணையத்துக்கே தலைவராகத் திரும்பினார், 1987 முதல் 1995 வரை நியூயார்க் மாநிலப் பொதுச்சேவை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். லாங் தீவில் கட்டி முடித்த ஷோரஹாம் அணு உலை வணிக உற்பத்தியே தொடங்காமல் மூடப்பட்டது அந்தக் காலத்தில்தான். விபத்து என்றால் மக்களை அந்தத் தீவிலிருந்து வெளியேற்ற வழியில்லை என்று உள்ளூர் நிர்வாகம் 1983-லேயே சொல்லி, கடைசிவரை பிடிவாதமாக நின்றது. ஊர்க்காரன் சொன்னது அங்கே எடுபட்டது. அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று மைல் தீவில் அந்த மக்கள் தோற்றார்கள், 1985-இல் அந்த உலை மறுபடி ஓடியது. தோற்றவர்களுக்கும் அங்கே விசாரணை என்ற ஒன்று கிடைத்தது. எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

மறுபடியும் அதே கேள்வி

2012-இல் குவாந்தானை அடுத்த கெபெங்கில் லைனஸ் ஆலைக்கு வாரியம் தற்காலிக உரிமம் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் தோண்டிய தாது, மலேசியாவில் சுத்திகரிப்பு, தோரியம் கலந்த கழிவு இங்கே. புக்கிட் மேராவை நினைவில் வைத்திருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் அன்று காட்டிய வழியில் போனால் எங்கே போய்ச் சேரலாம் என்பது அப்போது தெரிந்தது. உரிமத்தை எதிர்ப்பவர்கள் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது சட்டம். செய்தார்கள். ஜூன் மாதம் அறிவியல் அமைச்சர் இரண்டு கூடுதல் நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். வாரியம் இருப்பதோ அதே அமைச்சின் கீழ்.

அக்கரையிலும் இதே கதைதான். கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நிபுணர் அமைப்புகளின் சொல்லை ஏற்று, 15 நிபந்தனைகளோடு உலைக்கு வழிவிட்டது. அந்த நிபுணர் அமைப்புகளில் முதன்மையானது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதற்குச் சட்டப்படியான தன்னாட்சி இல்லை, யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களுக்குக் கீழேயே இருக்கிறது என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-இல்தான் அறிக்கை கொடுத்திருந்தார். இடிந்தகரையில் மீனவப் பெண்கள் உட்கார்ந்து கேட்டதும் புக்கிட் மேரா மக்கள் கேட்டதும் ஒன்றுதான்: எங்களை யார் விசாரிப்பார்கள்?

மீனாட்சி ராமன் அதன் பிறகு உலகளாவிய சுற்றுச்சூழல் அமைப்பான புவியின் நண்பர்களுக்கு 2004 முதல் 2008 வரை தலைவராக இருந்தார். இத்ரிஸ் மறைந்தபின் சஹாபாட் அலாம் மலேசியாவின் தலைவரானார். பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் வளரும் நாடுகளின் பக்கம் நின்று வாதாடுகிறார். அவருடைய அனுபவம் முழுவதும் வாரியத்தின் கதவுக்கு வெளியே சேர்ந்தது. பிராட்ஃபோர்ட் உள்ளே உட்கார்ந்து கேட்ட கேள்விகளை இவர் வெளியே நின்று கேட்க வேண்டியிருந்தது. ஒருவர் அதற்குச் சம்பளம் வாங்கினார், ஒருவர் சிறைக்குப் போனார்.

இப்போது அணு மின்சாரம் மறுபடியும் பேச்சில் இருக்கிறது. 2011-இல் அதற்கென்று ஒரு கழகம் அமைத்தார்கள், 2018-இல் வேண்டாம் என்றார்கள், 13-ஆவது மலேசியத் திட்டத்தில் மறுபடியும் வேண்டும் என்கிறார்கள். நான் அணு மின்சாரத்துக்கு எதிரி இல்லை. நிலக்கரி எரித்து ஓடும் இயந்திரங்களோடு வேலை பார்ப்பவன் அந்தப் பெருமையைக் கொண்டாட முடியாது. உலை எந்த வகை, எங்கிருந்து வாங்குவது, எத்தனை மெகாவாட் என்றெல்லாம் என் துறை நண்பர்கள் ஆர்வமாகப் பேசுகிறார்கள். நல்லதுதான். நான் கேட்பது வேறு. உரிமம் கொடுப்பதற்கு முன் பொது விசாரணை கட்டாயமாக இருக்குமா? ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கும் நிபுணர் வேலிக்குள் போய் அளக்க அனுமதி உண்டா, அந்த நிபுணருக்கான செலவை யார் தருவது? வாரியத்தின் முடிவை எதிர்த்தால் அமைச்சரிடம் போகச் சொல்வார்களா, சுதந்திரமான ஒரு தீர்ப்பாயம் இருக்குமா? வாரியத்தில் இயற்பியலாளர்களுக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞருக்கும், ஊரிலிருந்து வரும் ஒருவருக்கும் இடம் உண்டா? மூன்று மைல் தீவை விசாரித்த பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் அந்த வட்டாரத்து இல்லத்தரசி ஒருவரும் இருந்தார்.

சட்டம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். நிலவழக்கு, விவாகரத்து, நிறுவனச் சட்டம் என்று பிரிந்து போவார்கள். அவர்களில் ஒருவராவது அந்தக் கதிரியக்கக் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர என்னைப் போன்றவர்கள் கிடைப்பார்கள். எண்களிடம் என்ன கேட்பது என்பதை அவர்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.